பைனாகுலர்ல வலது பக்கம் மட்டும் மங்குது, டயாப்டர் ரிங்கை எங்க வச்சாலும் நிக்க மாட்டேங்குது

வடுவூர்க்கரை எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். மன்னார்குடி பக்கம் எனக்கு, வயசு 58. மூணு வருஷமா ஒரு 8×42 (எட்டு மடங்கு பெருசா காட்டும், முன் லென்ஸ் 42 மி.மீ) ரூஃப் ப்ரிஸம், அதாவது நேர் குழாய் மாடல் பைனாகுலர் வச்சிருக்கேன், பொங்கல் வரைக்கும் வாரம் தவறாம வடுவூர் ஏரிக்குப் பறவை பாக்கப் போயிடுவேன். கண்ணாடிய கழட்டி பாக்கெட்ல வச்சிட்டு, ஐகப்பை (கண்ணு வைக்கிற இடத்து ரப்பர் வளையம்) மேல தூக்கி விட்டுத்தான் பாக்கறது பழக்கம்.

பிரச்சனை என்னன்னா வாங்குன புதுசுல டயாப்டர் ரிங் (வலது குழாயை மட்டும் தனியா தெளிவாக்குற வளையம்) ஜீரோவுக்குப் பக்கத்துலயே இருந்துச்சு, போன வருஷம் மைனஸ் பக்கமா ஒரு கோடு தள்ளி வச்சாதான் வலது பக்கம் தெளிவா தெரிஞ்சுது, இப்ப அதுவும் பத்தல, இன்னும் தள்ள வேண்டியிருக்கு. சரி அப்படியே தள்ளி வச்சுக்கலாம்னு பாத்தா வச்ச இடத்துல நிக்கவும் மாட்டேங்குது. காலையில வீட்டுல சரி பண்ணிட்டு பஸ் ஏறினா ஏரிக்கரையில இறங்கி எடுக்கும்போது வேற எங்கயோ இருக்கு. இதுல ஃபோகஸ் சக்கரமும் கொஞ்சம் ஆடுது, திசை மாத்தி திருப்பும்போது முதல்ல கொஞ்சம் சும்மா சுத்திட்டு அப்புறம்தான் பிடிக்குது.

போன ஞாயித்துக்கிழமை ஊசிவால் வாத்துக் கூட்டத்துக்கு நடுவுல தலையை தண்ணியில விட்டபடியே மேயுற ஒரு வாத்து தனியா தெரிஞ்சுது. ஆண்டி வாத்தா இருக்கும்னு மனசு சொல்லுது, ஆனா அலகு தட்டையா அகலமா இருக்கான்னு உறுதி பண்ண முடியல, இடது பக்கம் தெளிவு, வலது பக்கம் மேல பால் தடவுன மாதிரி. கால் மணி நேரம் சக்கரத்தையும் ரிங்கையும் மாத்தி மாத்தி திருப்பினேன், கண்ணு வலிதான் மிச்சம், அதுக்குள்ள கூட்டமே கிளம்பிடுச்சு. மனசே கேக்கல.

தஞ்சாவூர்ல ஒரு கடையில காட்டினேன். பிரிச்சுப் பாத்தாதான் தெரியும், 1500 ரூபா ஆகும், வச்சிட்டுப் போங்கன்னாங்க. பிரிக்க விடலாமா வேண்டாமா? கீழ போட்டதில்ல, தண்ணியில விழுந்ததும் இல்ல.


உப்பளத்து ஆள்காட்டி எழுதியது:

அண்ணே, முதல்ல ஒண்ணு சொல்லுங்க, ரிங்கை சரி பண்ணும்போது மணி என்ன, எதைப் பாத்து சரி பண்ணீங்க? நான் வேதாரண்யம், கோடியக்கரை சேத்துலயும் உப்பளத்து வரப்புலயும்தான் எனக்கு வேலை. ஒம்போதரை பத்து மணி தாண்டிட்டா அங்க கானல் எழும்பிடும், தூரத்துல நிக்கிற பூநாரையோட கால் எல்லாம் நெளிஞ்சு நெளிஞ்சு தெரியும், அந்த நேரத்துல எவ்வளவு விலை போட்டு வாங்குன பைனாகுலரா இருந்தாலும் ஃபோகஸ் நிக்காது. புதுசா வர்றவங்க அதைக் கருவியோட கோளாறுன்னு நெனச்சு ரிங்கைப் போட்டு திருப்பி, இருக்கிற செட்டிங்கையும் கெடுத்துக்குவாங்க. ஏரித் தண்ணி மேலயும் வெயில் ஏறினா இதே கதைதான். அதனால காலையில ஏழு மணிக்குள்ள, தண்ணிக்கு குறுக்க பாக்காம, எழுத்து இருக்கிற ஏதாவது போர்டைப் பாத்து சரி பண்ணுங்க.

சக்கரம் ஆடுறதைப் பத்தி ரொம்ப கவலைப்பட வேண்டாம். கொஞ்சம் ஆட்டம் இல்லாத சக்கரத்தை நான் பாத்ததே கம்மி, அந்த ஆட்டம் ரெண்டு பக்கத்தையும் சேத்துதான் பாதிக்கும், வலதை மட்டும் மங்க வைக்காது. எப்பவும் ஒரே திசையிலேர்ந்து வந்து ஃபோகஸ்ல நிறுத்தப் பழகிக்கிட்டா அது இருக்கிறதே தெரியாது. ஆனா சக்கரத்துக்கடியில நறநறன்னு கேட்டா அது மணல் இல்லேன்னா உப்பு, அப்ப திருப்பாதீங்க. முதல்ல ப்ளோயரால ஊதிட்டு, தண்ணி புகாத மாடலா இருந்தா நல்ல தண்ணியில நனைச்ச துணியால தொடைங்க. எங்க கடக்காத்துக்கு நான் ஒவ்வொரு தடவை வந்ததும் இதைப் பண்ணிடுவேன்.


தஞ்சை லென்ஸ் எழுதியது:

ஐயா, தயவு செஞ்சு பிரிக்க விடாதீங்க. தண்ணி புகாத மாடல்னா உள்ள நைட்ரஜன் அடைச்சிருப்பாங்க, திறந்த உடனே அது போயிடும், மறுபடி அடைக்கிற வசதி சாதாரணக் கடையில இருக்காது. அப்புறம் நம்ம ஊரு ஐப்பசி கார்த்திகை ஈரத்துக்கு ரெண்டே மழைக்காலத்துல ப்ரிஸத்துல பூஞ்சை பிடிக்கும். இருபது வருஷமா கேமரா லென்ஸோட கிடக்கிறேன், பூஞ்சை பூத்துக் கொண்டு வந்தவங்களை நிறைய பாத்துட்டேன்.

உள்ள என்ன நடக்குதுன்னு தெரிஞ்சுக்கிட்டா நீங்களே பாதி கண்டுபிடிச்சிடலாம். ரூஃப் ப்ரிஸம் பைனாகுலர்ல ஒவ்வொரு குழாய்க்குள்ளயும் ஃபோகஸ் லென்ஸ் ஒண்ணு இருக்கும், நடு சக்கரத்தைத் திருப்பினா அந்த ரெண்டு லென்ஸும் ஒண்ணா சேந்து முன்னாடி பின்னாடி நகரும். டயாப்டர்ங்கறது ரெண்டு கண்ணுக்கும் இருக்கிற பவர் வித்தியாசத்தை ஈடு கட்ட வலது பக்கத்தை மட்டும் தனியா கொஞ்சம் நகத்தறது, அவ்வளவுதான். அதனால ஒரு தூரத்துல டயாப்டர் சரியா இருந்தா எல்லா தூரத்துலயும் சரியா இருக்கணும். நூறு அடியில சரியா வச்சது பத்தடியில தப்பா போகுதுன்னா உள்ள ரெண்டு லென்ஸும் ஒரே அளவு நகரலன்னு அர்த்தம், அது கம்பெனி சர்வீஸுக்குப் போக வேண்டிய கோளாறு. எல்லா தூரத்துலயும் ஒரே மாதிரி சரியா இருந்து நாளாக நாளாக மட்டும் மாறுதுன்னா கோளாறு வேற எங்கயோ. பழைய போரோ மாடல்ல (குழாய் வளைஞ்சு அகலமா இருக்கிற பழைய வகை) இன்னொரு தொல்லை உண்டு, கண்ணு வைக்கிற பக்கத்து லென்ஸ் (ஐபீஸ்) ரெண்டையும் இணைக்கிற பாலம் ஆடும், முகத்துல அழுத்தினா ஒரு பக்கம் சாயும், உங்களோடதுல அது கிடையாது.

இப்ப நான் சொல்றது கொஞ்சம் விசித்திரமா இருக்கும், ஆனா இதை விட நல்ல சோதனை எனக்குத் தெரியல. ஒரே கண்ணால ரெண்டு குழாயையும் பாருங்க. பைனாகுலரை மதில் சுவத்து மேல ஒரு சாக்கை மடிச்சுப் போட்டு அது மேல அசையாம வைங்க, ஒரு நூறு மீட்டர்ல இருக்கிற ட்ரான்ஸ்ஃபார்மர் நம்பரோ ரேசன் கடை போர்டோ எதையாவது குறி வைங்க. இடது கண்ணால இடது குழாயில பாத்து சக்கரத்தைத் திருப்பி தெளிவாக்குங்க. அப்புறம் சக்கரத்தைத் தொடாம அதே இடது கண்ணை வலது குழாய்க்கு கொண்டு போய் ரிங்கை மட்டும் திருப்பி தெளிவாக்குங்க. ரிங் எங்க நிக்குதுன்னு நெயில் பாலிஷால ஒரு புள்ளி. இதையே திரும்ப ஒரு நாலஞ்சு மீட்டர்ல இருக்கிற செங்கல் சுவத்தைப் பாத்து பண்ணுங்க. ரெண்டு தடவையும் ரிங் ஒரே இடத்துல வந்து நின்னா உங்க பைனாகுலர் நல்லாத்தான் இருக்கு, குழாய் ரெண்டும் ஒத்துமையா வேலை செய்யுது. பாக்கறது ஒரே கண்ணுங்கறதால கண்ணோட வித்தியாசம் கணக்குலயே வராது, அதுதான் இதுல விசேஷம்.

இன்னொரு விஷயம், ஒரு கண்ணை இறுக்கி மூடிக்கிட்டு சரி பண்ணாதீங்க, திறந்திருக்கிற கண்ணும் சேந்து இடுங்கிக்கும். ரெண்டு கண்ணையும் திறந்தே வச்சுக்கிட்டு, வேண்டாத குழாயோட முன் லென்ஸை மூடியால மூடுங்க. சக்கரத்தை கிட்ட பாக்கற முனையிலேர்ந்து தூரத்துப் பக்கமாவும், ரிங்கை ப்ளஸ்லேர்ந்து மைனஸ் பக்கமாவும் மெதுவா கொண்டு வாங்க, முதல் தடவை தெளிவான உடனே நிறுத்திடுங்க. தாண்டிப் போனா கண்ணு தானா முயற்சி பண்ணி அட்ஜஸ்ட் பண்ணிக்கும், நீங்களும் சரியா இருக்குன்னு ஏமாந்துடுவீங்க. அரை மணி நேரத்துல வலி வர்றது அதனாலதான்.


நீர்க்கோழி எழுதியது:

ரிங் பையில உரசி தானா திரும்புது அங்கிள், அது மட்டும் நிச்சயம். எனக்கும் இருந்துச்சு. பழைய சைக்கிள் ட்யூப்ல ஒரு விரல் அகலத்துக்கு வளையமா வெட்டி ரிங்கும் குழாயும் சேர்ற இடத்துல மாட்டுங்க, பாதி ரிங் மேல பாதி குழாய் மேல இருக்கணும். அசையாது. இன்சுலேஷன் டேப் வேண்டாம், வெயில்ல பசை இளகி கையெல்லாம் ஒட்டும்.


குடந்தை கண்பரிசோதகர் எழுதியது:

சார், நான் கும்பகோணத்துல கண் பரிசோதனை வேலை பாக்கறேன், பறவை பாக்கறது இப்பதான் ஆரம்பிச்சிருக்கேன், கரைவெட்டி பறவைகள் சரணாலயத்துக்கு ரெண்டு தடவை போனதோட சரி. உங்க கேள்வியைப் படிச்ச உடனே பதில் எழுதணும்னு தோணிச்சு.

நீங்க ரெண்டு விஷயத்தை ஒண்ணா சேத்து சொல்றீங்க. காலையில ஒரு இடம், பஸ்ல இறங்கினா வேற இடம்ங்கறது ரிங் வழுக்குறது, அதுக்கு மேல தம்பி சொன்ன ட்யூப் போதும். ஆனா மூணு வருஷத்துல ஜீரோவிலேர்ந்து மைனஸ் பக்கமா மட்டுமே மெதுவா நகந்துகிட்டு போறது வழுக்கல் இல்ல. வழுக்கினா ரெண்டு பக்கமும் போகும். உங்க வலது கண்ணுக்கு கிட்டப்பார்வை கூடிக்கிட்டே வருதுன்னு நெனைக்கிறேன். 50 வயசுக்கு மேல ஒரு கண்ணுல மட்டும் அப்படி கூடினா கண்புரை ஆரம்பிக்குதான்னு கட்டாயம் பாக்கணும். கண்ணுக்குள்ள இருக்கிற லென்ஸோட நடுப்பகுதி கெட்டியாகும்போது பவர் மைனஸ் பக்கம் போகும், கூடவே ஒரு மங்கலும் வரும், பால் தடவுன மாதிரின்னு நீங்களே எழுதியிருக்கீங்க. ரிங்கை சரியா வச்சா உருவம் தெளிவாகும், அந்தப் பால் மங்கல் மட்டும் போகாது.

ஒரு கேள்வி. சமீபமா பேப்பர் படிக்க படிப்புக் கண்ணாடி இல்லாமலே முடியுதா, அதுவும் வலது கண்ணால? ராத்திரி எதிர்ல வர்ற வண்டி வெளிச்சம் சிதறுற மாதிரி தெரியுதா? சர்க்கரை இருக்கா? சர்க்கரை ஏறி இறங்கினா கண் பவரும் கூடவே மாறும், அதையும் பாத்துக்கணும்.

தள்ளிப் போடாதீங்க சார், இந்த வாரமே போங்க.


வடுவூர்க்கரை எழுதியது:

அம்மா, நீங்க கேட்டதைப் படிச்சிட்டு கொஞ்ச நேரம் அப்படியே உக்காந்துட்டேன். ஆமா. தீபாவளிக்கு அப்புறம் கண்ணாடி இல்லாமலே பேப்பர் படிக்கிறேன், பார்வை நல்லாயிட்டு வருதுன்னு வீட்டுல எல்லார்கிட்டயும் சந்தோஷமா சொல்லிக்கிட்டு இருந்தேன். அது இதனாலதான்னு எனக்கு எப்படிம்மா தெரியும்.

முதல்ல லென்ஸ் சார் சொன்ன சோதனை. காலையில ஆறே முக்காலுக்கு மொட்டை மாடி கைப்பிடி சுவத்துல நெல்லு சாக்கை மடிச்சுப் போட்டு, எதிர்த்தெரு ட்ரான்ஸ்ஃபார்மர்ல இருக்கிற நம்பரைப் பாத்து இடது கண்ணாலயே ரெண்டு குழாயும் பண்ணினேன். ரிங் ஜீரோவுக்கு ஒரு மயிரிழை தள்ளி நின்னுச்சு, புள்ளி வச்சேன். அப்புறம் மாடிப்படி சுவர், அஞ்சு மீட்டர் இருக்கும், அதுலயும் அதே புள்ளி. நம்பிக்கை வராம மூணு தடவை பண்ணினேன், மூணு தடவையும் அதேதான். அப்புறம் வழக்கம் போல வலது கண்ணால வலது குழாயைப் பாத்தா ரிங் மைனஸ் பக்கம் ரெண்டு கோடு தாண்டி போனாதான் தெளிவு வருது. குழாய்ல குத்தம் இல்ல, அது அப்பவே தெரிஞ்சு போச்சு.

மறுநாளே கண் டாக்டர்கிட்ட போனேன். வலது கண்ணு மூணு வருஷம் முன்னாடி மைனஸ் முக்கால் இருந்தது இப்ப ரெண்டே கால். கண்புரை நடுவுல ஆரம்பிச்சிருக்கு, அவசரம் இல்ல, ஆறு மாசம் கழிச்சு பாத்துட்டு ஆபரேஷன் எப்பன்னு முடிவு பண்ணலாம்னாங்க. சர்க்கரை பாத்தாச்சு, இல்ல. தஞ்சாவூர் கடைக்கு விட்டிருந்தா நல்லா இருக்கிற கருவியைப் பிரிச்சுப் போட்டிருப்பாங்க, நானும் கண்ணைப் பாத்திருக்கவே மாட்டேன்.

ட்யூப் வளையம் மாட்டியாச்சு தம்பி, தெரு முனை பஞ்சர் கடையில கேட்டு வாங்கினேன். ரெண்டு நாளா பையில போட்டு அலைஞ்சும் ரிங் அசையல.

நேத்து விடியக்காலையில வடுவூர் போனேன். பனி விலகற நேரம், கரையோரம் நாமக்கோழி, அதுக்கு அந்தப் பக்கம் அதே ஊசிவால் கூட்டம். ஆண்டி வாத்து நாலு இருந்துச்சு, மூணு ஆண். கரண்டி மாதிரி அலகைத் தண்ணியில பதிச்சு இழுத்துக்கிட்டே போகுது, பச்சைத் தலை, பழுப்பு விலா, எல்லாம் தெரிஞ்சுது. வலது பக்கம் நிறம் கொஞ்சம் மஞ்சளாத்தான் தெரியுது, ஆனா ரெண்டு கண்ணும் ஒண்ணா சேந்து பாக்குது, வலி இல்ல.

ஒண்ணே ஒண்ணு மட்டும் கேக்கணும்மா. ஆபரேஷன் முடிஞ்சா இந்த ரிங் செட்டிங் என்ன ஆகும்?


குடந்தை கண்பரிசோதகர் எழுதியது:

மாறிடும் சார். உள்ள வைக்கிற புது லென்ஸோட பவரைப் பொறுத்து ரிங் திரும்ப ஜீரோ பக்கம் வரலாம், ஜீரோவைத் தாண்டி ப்ளஸ் பக்கமும் போகலாம். ஆபரேஷனுக்கு முன்னாடி நடக்குற பேச்சுலயே, நான் கண்ணாடி இல்லாம பைனாகுலர் பாக்கறவன்னு டாக்டர்கிட்ட சொல்லிடுங்க, பவர் முடிவு பண்ண அது உதவும். முடிஞ்ச உடனே செட் பண்ணாதீங்க, பவர் ஒரு நிலைக்கு வர நாலு முதல் ஆறு வாரம் ஆகும். ரிங் மேல இப்ப வலது கண்ணுக்குன்னு புள்ளி ஏதும் வச்சிருந்தா அதை அழிச்சிட்டு அப்புறம் புதுசா ஒண்ணு வைங்க, ஒரே கண்ணு சோதனைக்கு வச்ச முதல் புள்ளியை மட்டும் விட்டுடுங்க, அது பைனாகுலரோடது.