சேப்பாக்கத்துக்கு ஸ்மார்ட் கார்டு வேண்டுமா?

வாலாஜா_ரோடு:
டிக்கெட் விற்பனை முழுக்க ஆன்லைனுக்குப் போனபிறகு எனக்கு ஒரு ஐபிஎல் மேட்ச்கூட அமையவில்லை. மைதானம் கொள்வது 38,000 பேர். எனக்கு முன்னால் ஒரு லட்சம் பேர் நிற்பதாகத் திரை காட்டுகிறது. அன்று மாலையே 1,700 ரூபாய் டிக்கெட்டை வாட்ஸ்அப்பில் ஒருவன் 6,000க்குத் தருகிறேன் என்கிறான்.
என் யோசனை இதுதான். மெட்ரோ கார்டு மாதிரி, பெயரும் படமும் சிப்பும் உள்ள ஒரு கார்டு. டிக்கெட் அதில்தான் ஏறும். வந்து பார்த்த ஒவ்வொரு மேட்சுக்கும் புள்ளி. ரஞ்சி மேட்சை நாலு நாளும் வெயிலில் உட்கார்ந்து பார்க்கிற பெரியவர்களை எனக்குத் தெரியும். பெரிய மேட்ச் வந்தால் அவர்களுக்குத்தான் முதலில் கதவு திறக்க வேண்டும்.

மான்செஸ்டர்_மணி:
நான் இங்கே அந்தக் கார்டோடு பல வருடம் போனவன். மான்செஸ்டர் சிட்டி கால்பந்து கிளப் 2003இல் புது மைதானத்துக்கு மாறியபோதே காகித டிக்கெட்டை விட்டுக் கார்டுக்குப் போய்விட்டது. எல்லா வாசலும் சேர்ந்து நிமிடத்துக்கு 1,200 பேரை உள்ளே விடும் என்று கணக்கு. கார்டைக் காட்டினால் பச்சை விளக்கு எரியும், கம்பி சுழலும், அவ்வளவுதான். சிறுவர் கார்டுக்கு வேறு நிறத்தில் விளக்கு வைக்கிற மைதானங்களும் உண்டு. மகன் கார்டில் அப்பா நுழைந்தால் வாசலில் நிற்பவருக்கு உடனே தெரிந்துவிடும். வெளியூர் ஆட்டத்துக்கு டிக்கெட் குறைவு என்பதால் புள்ளி வரிசைப்படிதான் தருவார்கள்.

கடைசி_வரிசை:
மணி அண்ணா, வாசல் வேகத்தில் எனக்குச் சண்டை இல்லை. கார்டில் சேரும் விவரம் யார் கைக்குப் போகிறது என்பதுதான் என் கேள்வி.
துருக்கியில் 2011இல் விளையாட்டு வன்முறைத் தடுப்புக்காக 6222ஆம் எண் சட்டம் வந்தது. அதைக் காட்டி 2014 ஏப்ரலில் கால்பந்து மைதானத்துக்குள் போக பாஸோலிக் என்ற கார்டைக் கட்டாயமாக்கினார்கள். அடையாள எண், படம் எல்லாம் கொடுக்க வேண்டும். வழங்கியது ஒரு வங்கி, ஆக்டிஃப் பேங்க். பந்தாட்டம் பார்க்க எதற்கு வங்கிக்காரனிடம் பெயர் கொடுக்க வேண்டும் என்று ரசிகர்கள் புறக்கணித்தார்கள். கேலரிகள் காலியாகக் கிடந்தன.
இத்தாலியிலும் அதே கதை. 2007 பிப்ரவரியில் கட்டானியா மைதானக் கலவரத்தில் பிலிப்போ ராச்சித்தி என்ற போலீஸ் அதிகாரி இறந்தார். பிறகு வந்த கெடுபிடிகளின் தொடர்ச்சியாக, 2010-11 சீசனில் சீசன் டிக்கெட்டுக்கும் வெளியூர் ரசிகர் பகுதிக்கும் 'ரசிகர் கார்டு' கட்டாயமானது. பெயர்கள் போலீஸ் சரிபார்ப்புக்குப் போயின. நல்ல ரசிகர்களும் சந்தேகக் கண்ணுக்கு ஆளானார்கள்.

வாலாஜா_ரோடு:
தம்பி, அங்கே கலவரத்தை அடக்கக் கார்டு கொண்டு வந்தார்கள். நம் பிரச்சினை கள்ள டிக்கெட். இரண்டையும் ஒன்றாகப் பார்க்காதீர்கள்.

பழைய_ஸ்கோரர்:
நான் 1970களிலிருந்து சேப்பாக்கம் போகிறவன். இருவருமே ஒரு விஷயத்தை விட்டுவிட்டீர்கள். இங்கிலாந்தில் தாட்சர் அரசு எல்லாக் கால்பந்து ரசிகருக்கும் அடையாள அட்டை என்று 1989இல் சட்டமே போட்டது. அதே வருடம் ஹில்ஸ்பரோ கால்பந்து மைதானத்தில் நெரிசல் துயரம். அங்கே லெப்பிங்ஸ் லேன் என்ற தெருப் பக்கம், நின்று பார்க்க வந்த 10,100 பேருக்கு ஏழே சுழல்கதவுகள். இன்று கணக்கில் உள்ள சாவு 97. விசாரித்த டெய்லர் நீதிபதி 1990 அறிக்கையில் அட்டைத் திட்டம் வேண்டாம் என்றார். கதவில் இயந்திரம் தடுமாறினால் வெளியே கூட்டம் நெரியும் என்பது அவர் பயம். இயந்திரம் இன்று தேறிவிட்டது, சரி. ஆனால் ஆறரை மணிக்கு விக்டோரியா ஹாஸ்டல் ரோட்டில் நிற்கும் கூட்டத்தை நினைத்துக்கொள்ளுங்கள். பத்துக் கார்டு சிவப்பு காட்டினால் அவர்களை ஒதுக்கி நிறுத்த இடம் எங்கே? அதைச் சொல்லிவிட்டுப் புள்ளியைப் பேசுங்கள்.

பட்டாபிராம்_ராணி:
எங்கள் வீட்டில் நாலு பேர். அப்பாவுக்கு முட்டி வலி வந்தால் அவர் இடத்தில் சித்தி வருவாள். பெயர் போட்ட கார்டில் அது நடக்குமா? அப்புறம் அப்பாவிடம் ஸ்மார்ட்போனும் கிடையாது.

மான்செஸ்டர்_மணி:
ராணி, இங்கே வர முடியாதவர் இடத்தைக் கிளப் வழியாகவே இன்னொருவருக்கு மாற்றலாம், அச்சிட்ட விலைக்குத் திருப்பி விற்கவும் செய்யலாம். அந்த வசதி இல்லாமல் கார்டு வரவே கூடாது. போன் விஷயத்தில் நீங்கள் சொல்வது உண்மைதான். பல கிளப்புகள் கார்டை நிறுத்திவிட்டுப் போனுக்கே மாறிவிட்டன, வயதானவர்கள் திண்டாடுகிறார்கள். புள்ளியிலும் ஒரு குறை உண்டு. இருபது வருடம் சேர்த்தவர் முன்னால் நேற்று வந்த பையன் நிற்கவே முடியாது.

கடைசி_வரிசை:
அதனால்தான் பாதி டிக்கெட்டைக் குலுக்கலுக்கு விடச் சொல்கிறேன். வங்கிக் கணக்கு, ஆதார் எதையும் கார்டோடு கட்டக் கூடாது. சீசன் முடிந்ததும் யார் எப்போது நுழைந்தார் என்ற பதிவை அழிக்க வேண்டும், புள்ளி மட்டும் இருந்தால் போதும்.

வாலாஜா_ரோடு:
பாதிக் குலுக்கல் எனக்குச் சம்மதம். பதிவை அழிப்பதும் சரிதான். ஸ்கோரர் சார் சொன்னதற்கும் ஒரு வழி இருக்கிறது. முதலில் ரஞ்சி மேட்சில் ஒரே ஒரு வாசலில் இயந்திரத்தை வைத்துப் பார்க்கட்டும். கூட்டம் இருக்காது, கோளாறு வந்தால் யாருக்கும் ஆபத்தும் இல்லை.

பழைய_ஸ்கோரர்:
ரஞ்சியில் வைத்தால் நான் முதல் ஆளாகக் கார்டு வாங்குகிறேன். சிவப்பு எரிந்தால் நிற்க ஒரு நிழலும் ஒரு நாற்காலியும் போடச் சொல்லுங்கள்.