ஸாம்ப்பில் அப்பாச்சி பச்சையாகி உடனே அணைகிறது, போர்ட் 80-ஐ பிஐடி 4 பிடித்திருக்கிறதாம், என்ன செய்வது?

நெட்டப்பயல்

அண்ணன்மாரே அக்காமாரே, யாராவது கை கொடுங்கள். பிசிஏ கடைசி வருடம். ப்ராஜெக்ட்டுக்கு எங்கள் ஊர் நூலகத்தின் புத்தகப் பட்டியலை பிஎச்பி, மைஎஸ்கியூஎல்லில் செய்துகொண்டிருக்கிறேன். காலேஜ் லேபில் ஒழுங்காக ஓடுகிறது, வீட்டில் என் லேப்டாப்பில்தான் (விண்டோஸ் 10, 4 ஜிபி ராம்) உயிரை வாங்குகிறது.

ஸாம்ப் (அப்பாச்சி வெப் சர்வர், டேட்டாபேஸ், பிஎச்பி எல்லாம் ஒரே மூட்டையாக வருவது) கண்ட்ரோல் பேனலில் அப்பாச்சிக்கு ஸ்டார்ட் கொடுத்தால் ஒரு நொடி பச்சை, அப்புறம் அதுவும் இல்லை. கீழே சிவப்பில் "அப்பாச்சி ஷட்டவுன் அன்எக்ஸ்பெக்டட்லி". அதற்கும் மேலே "போர்ட் 80 இன் யூஸ் பை அனேபிள் டு ஓபன் பிராசஸ், பிஐடி 4" என்று ஒரு வரி. லாக்ஸ் பட்டனை அழுத்தி எர்ரர் லாக் திறந்தால் அதில் ஒரு எழுத்துகூட இல்லை. பிஐடி என்றால் பிராசஸ் நம்பராம், டாஸ்க் மேனேஜரில் 4-ஆம் நம்பர் யாரென்று பார்த்தால் "சிஸ்டம்" என்கிறது, எண்ட் டாஸ்க் கொடுத்தால் விண்டோஸே நின்றுவிடும் என்று மிரட்டுகிறது, விட்டுவிட்டேன்.

யூடியூபில் சொன்னபடி அன்இன்ஸ்டால், ரீஇன்ஸ்டால், ஃபயர்வால் ஆஃப் எல்லாம் ஆயிற்று. ஒரு வீடியோவில் 80-ஐ 8080 ஆக மாற்றச் சொன்னார்கள், மாற்றினேன், இப்போது அப்பாச்சி பச்சையாகவே நிற்கிறது, ஆனால் பிரவுசரில் லோக்கல்ஹோஸ்ட் என்று அடித்தால் பல மொழிகளில் வெல்கம் எழுதிய ஒரு நீலப் பக்கம் வருகிறது. என் ப்ராஜெக்ட் எங்கே போனதென்றே தெரியவில்லை. கேஷ் க்ளியர் செய்தும் அதே நீலம்தான். ரிவ்யூ அடுத்த வாரம்.

மஞ்சப்பை

லோக்கல்ஹோஸ்ட் என்பதற்குப் பின்னால் கோலன் போட்டு 8080 சேர்த்து அடி தம்பி, வந்துவிடும். போர்ட் என்பது கணினியின் கதவு எண் மாதிரி, நம்பர் போடாவிட்டால் பிரவுசர் தானாக 80-க்குத்தான் போகும், அங்கே உட்கார்ந்திருப்பது வேறு ஆள். ஃபயர்வாலை முதலில் ஆன் செய், அதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

பனங்காட்டான்

மஞ்சப்பை சொன்னது சரி, ஆனால் அந்த "வேறு ஆள்" யாரென்று தெரியாமல் நம்பரை மட்டும் மாற்றிக்கொண்டே போனால் நாளைக்கு 443-இல் (எச்டிடிபிஎஸ் போர்ட்) இதே கதை வரும்.

நீலப் பக்கம் என்று சொன்னாயே, அதிலேயே விடை இருக்கிறது. அது ஐஐஎஸ், விண்டோஸுக்குள்ளேயே இருக்கும் மைக்ரோசாஃப்ட் வெப் சர்வர். ஏஎஸ்பி டாட் நெட் பேப்பர் ஏதாவது இருந்திருக்கும், அதற்காக "டர்ன் விண்டோஸ் ஃபீச்சர்ஸ் ஆன் ஆர் ஆஃப்" பெட்டியில் டிக் போட்டிருப்பாய். ஒருமுறை டிக் போட்டால் கணினி ஆன் ஆகும்போதெல்லாம் அது எழுந்து 80-ஐப் பிடித்துக்கொள்ளும், உன்னிடம் ஒரு வார்த்தை கேட்காது.

பிஐடி 4 என்று ஏன் வருகிறது என்பதைப் பலரும் சொல்வதில்லை. ஐஐஎஸ் நேரடியாக போர்ட்டைப் பிடிப்பதில்லை. விண்டோஸ் கெர்னலுக்குள் எச்டிடிபி டாட் சிஸ் என்று ஒரு டிரைவர் இருக்கிறது, விண்டோஸ் சர்வர் 2003-உடன் வந்தது. 80-இல் காது வைத்துக் கேட்பது அதுதான், வரும் கோரிக்கையை முகவரி பார்த்து உரிய சர்வீஸுக்குத் தள்ளிவிடும். அபார்ட்மெண்ட் வாட்ச்மேன் மாதிரி, வாசலில் நிற்பது அவர், பார்சல் உள்ளே யாருக்கோ. கெர்னலில் ஓடுவதால் பெயர் சிஸ்டம், நம்பர் எப்போதும் 4. ஐஐஎஸ் மட்டுமல்ல, எஸ்கியூஎல் சர்வர் ரிப்போர்ட்டிங் சர்வீசஸ், பிராஞ்ச்கேஷ் எல்லாமே இதே முகமூடியில்தான் தெரியும். அதனால் டாஸ்க் மேனேஜரில் தேடிப் பயனில்லை. எண்ட் டாஸ்க் கொடுக்காமல் விட்டாயே, நல்ல காரியம்.

உள்ளே யார் என்று பார்க்க கமாண்ட் ப்ராம்ப்ட்டை அட்மினாகத் திறந்து நெட்எஸ்எச் எச்டிடிபி ஷோ சர்வீஸ்ஸ்டேட் என்று அடி (கடைசியில் வருவது ஒரே சொல், நடுவில் இடைவெளி கிடையாது. போனில் தமிழ் கீபோர்டில் இருக்கிறேன், கமாண்டை நீ ஆங்கிலத்தில் அடித்துக்கொள்). நீளமாகக் கொட்டும். அதில் 80 என்று வரும் இடத்தைச் சுற்றிப் பார்த்தால் எந்த பிராசஸ் என்று புரிந்துவிடும். ஐஐஎஸ்தான் என்றால் சர்வீசஸ் ஜன்னலில் "வேர்ல்ட் வைட் வெப் பப்ளிஷிங் சர்வீஸ்" என்பதை ஸ்டாப் செய்து, ஸ்டார்ட்டப் டைப்பை மேனுவல் ஆக்கு. ஏஎஸ்பி வேண்டும்போது கையால் ஸ்டார்ட் செய்துகொள்ளலாம், டிஸேபிள் செய்ய வேண்டியதில்லை.

எர்ரர் லாக் காலியாக இருந்ததும் வினோதம் இல்லை. போர்ட்டைப் பிடிக்க முடியாவிட்டால் அப்பாச்சி அந்த லாக் ஃபைல் வரைக்கும்கூடப் போகாமல் செத்துவிடும். பேனலின் வலது ஓரத்தில் ஷெல் என்று ஒரு பட்டன் இருக்கும், அதை அழுத்தி அங்கே எச்டிடிபிடி என்று அடித்தால் நிஜமான எர்ரர் கண் முன்னால் வரும். அதில் ஓஎஸ் 10048 என்று இருந்தால் வேறொரு சாதாரண ப்ரோக்ராம் அந்த போர்ட்டில் இருக்கிறது. ஓஎஸ் 10013 என்றால் பெரும்பாலும் மேலே சொன்ன கெர்னல் ஆசாமி, அல்லது ஹைப்பர்-வி (விண்டோஸின் விர்ச்சுவல் மெஷின் வசதி) தனக்கென்று ஒதுக்கிவைத்திருக்கும் போர்ட் வரிசையில் நீ கேட்ட நம்பர் விழுந்திருக்கிறது. இந்த ஒரு நம்பரைப் பார்க்காமல் ரீஇன்ஸ்டால் செய்யச் சொல்லும் வீடியோக்களைக் கண்டாலே எனக்கு எரிச்சல். ரீஇன்ஸ்டால் செய்தாலும் புதிய அப்பாச்சியும் அதே 80-ஐத்தானே கேட்கப்போகிறது?

8080-ஐயே வைத்துக்கொள்வதாக இருந்தால் ஒரு விஷயம். ஸாம்ப்புடன் வரும் டாம்கேட்டும் 8080-தான் கேட்கும், என்றைக்காவது அதைக் கிளப்பினால் மோதும், 8081 வைத்துக்கொள். அப்பாச்சியின் கன்ஃபிக் ஃபைலில் (எச்டிடிபிடி டாட் கான்ஃப்) லிசன் வரியுடன் சர்வர்நேம் வரியிலும் நம்பரை மாற்று. பேனலில் கன்ஃபிக் போய் "சர்வீஸ் அண்ட் போர்ட் செட்டிங்ஸ்" இருக்கிறதே, அதில் மாற்றினால் அப்பாச்சி மாறாது. அது பேனலுக்குச் சொல்லிவைப்பது மட்டும்தான், அட்மின் பட்டன் சரியான முகவரியைத் திறக்க வேண்டுமே, அதற்காக. இரண்டு இடத்திலும் ஒரே நம்பர் இருக்கட்டும்.

ரவாதோசை

2026-இல் இன்னும் ஸாம்ப்பா? ஒவ்வொரு ப்ரோக்ராமையும் தனிப் பெட்டியில் (கன்டெய்னர்) ஓட்டும் டாக்கர் போடுங்கள், எல்லாத் தலைவலியும் போய்விடும்.

தூக்கமில்லாதவள்

@ரவாதோசை, 4 ஜிபி ராம் என்று எழுதியிருக்கிறானே, படித்தீர்களா? அதில் டாக்கர் டெஸ்க்டாப், அதற்கு அடியில் டபிள்யூஎஸ்எல் (விண்டோஸுக்குள் ஓடும் லினக்ஸ்), மேலே குரோம், லேப்டாப் மூச்சு முட்டிச் செத்துவிடும். தவிர டாக்கரில் கன்டெய்னரை 80-க்குத் திறந்துவிட்டாலும் ஐஐஎஸ் அதே 80-இல் இருந்தால் அங்கேயும் இதே எர்ரர்தான் வரப்போகிறது. கருவியை மாற்றினால் போர்ட் காலியாகிவிடாது.

தம்பி, அவசரத்துக்கு ஒரு வழி. பிஎச்பிக்குள்ளேயே ஒரு குட்டி வெப் சர்வர் இருக்கிறது, 5.4 பதிப்பிலிருந்து (2012). உன் ப்ராஜெக்ட் ஃபோல்டருக்குள் போய் பிஎச்பி, ஹைஃபன் எஸ், லோக்கல்ஹோஸ்ட் கோலன் 8000 என்று அடித்தால் போதும், அப்பாச்சியே வேண்டாம். எஸ் பெரிய எழுத்தாக இருக்க வேண்டும், சின்ன எஸ் போட்டால் ஃபைலின் கோடை வண்ணம் பூசிக் கொட்டும், அதைப் பார்த்துப் பயந்துவிடாதே. எச்டிஆக்சஸ் ஃபைலில் அப்பாச்சிக்காக எழுதிய விதிகள் இதில் வேலை செய்யாது, ஊருக்குத் திறந்துவிடவும் இது ஆகாது, ரிவ்யூவில் காட்ட தாராளமாகப் போதும்.

நெட்டப்பயல்

பனங்காட்டான் அண்ணா, ஐஐஎஸ்தான்! சர்வீஸை நிறுத்தி, நம்பரைத் திரும்ப 80 ஆக்கினேன், அப்பாச்சி நிற்கிறது. ஷெல்லில் முன்பு பார்த்தபோது 10013 என்றுதான் வந்தது.

ஆனால் இப்போது மைஎஸ்கியூஎல் மக்கர் செய்கிறது. மதியம் கரண்ட் போய் லேப்டாப் அப்படியே அணைந்துவிட்டது (பேட்டரி எப்போதோ போய்விட்டது). அதற்கப்புறம் ஸ்டார்ட் கொடுத்தால் அதே "ஷட்டவுன் அன்எக்ஸ்பெக்டட்லி". அதன் போர்ட்டான 3306-இல் வேறு யாரும் இல்லை, பார்த்துவிட்டேன். டேட்டா ஃபோல்டரில் ஐபிடேட்டா1 என்ற ஃபைலை டெலீட் செய்தால் சரியாகும் என்று ஒரு கமெண்டில் போட்டிருக்கிறார்கள். செய்யட்டுமா?

தூக்கமில்லாதவள்

செய்யாதே. செய்யாதே. செய்யாதே.

அந்த ஃபைலில்தான் எந்த டேபிள் எங்கே இருக்கிறது என்ற பதிவேடு இருக்கிறது. அதை அழித்தால் மைஎஸ்கியூஎல் ஸ்டார்ட் ஆகும், பச்சையும் வரும், உனக்கும் சந்தோஷமாக இருக்கும், பிஎச்பிமைஅட்மினில் டேபிள் பெயர்கூடத் தெரியும், கிளிக் செய்தால் 1932, "டேபிள் டஸ்ன்ட் எக்ஸிஸ்ட் இன் எஞ்சின்". அந்த 1932-ஐப் பார்த்துவிட்டு அழுதுகொண்டு வருபவர்களுக்குப் பதில் எழுதியே என் தூக்கம் போய்விட்டது.

முதல் வேலை, பேனலை மூடிவிட்டு மைஎஸ்கியூஎல் ஃபோல்டருக்குள் இருக்கும் டேட்டா ஃபோல்டரை அப்படியே முழுதாக பென்டிரைவிலோ டெஸ்க்டாப்பிலோ காப்பி எடு. இது முடியும் வரை வேறு எதையும் தொடாதே. அப்புறம் மைஎஸ்கியூஎல் வரியில் லாக்ஸ் அழுத்தி எர்ரர் லாகின் கடைசிப் பக்கத்தைப் பார். அப்பாச்சி போல இல்லை, இதில் விஷயம் எழுதியிருக்கும். "ஆரியா ரெகவரி ஃபெயில்ட்" என்று இருக்கிறதா சொல். (ஸாம்ப்பில் மைஎஸ்கியூஎல் என்று பெயர்தான், உள்ளே 2015-லிருந்து இருப்பது மரியாடிபி. ஆரியா அதனுடைய ஒரு ஸ்டோரேஜ் எஞ்சின், அதாவது டேபிள்களை டிஸ்க்கில் எழுதிவைக்கும் பகுதி. அதனால் மைஎஸ்கியூஎல் என்று தேடினால் இதற்கு விடை சட்டென்று அகப்படாது.)

நெட்டப்பயல்

காப்பி எடுத்துவிட்டேன் அக்கா. ஆமாம், ஆரியா ரெகவரி ஃபெயில்ட் என்றும், அதற்குப் பக்கத்தில் ஆரியா லாக் ஃபைல்களை டெலீட் செய் என்றும் அதுவே சொல்கிறது.

தூக்கமில்லாதவள்

நல்லவேளை, சின்ன விஷயம். டேட்டா ஃபோல்டரில் ஆரியா_லாக் என்று தொடங்கி, புள்ளி வைத்து நீளமாக எண் வரும் ஃபைல்களை மட்டும் வேறு இடத்துக்கு நகர்த்து, ஸ்டார்ட் கொடு. உன் டேபிள்கள் இன்னோடிபி என்ற வேறொரு எஞ்சினில் இருக்கும், அவற்றுக்கு ஒன்றும் ஆகாது.

இதிலும் எழுந்திருக்காவிட்டால் அடுத்த வழி இருக்கிறது. டேட்டா ஃபோல்டரின் பெயரை மாற்றி வை, பக்கத்தில் இருக்கும் பேக்கப் ஃபோல்டரை டேட்டா என்ற பெயரில் காப்பி செய், அதற்குள் உன் டேட்டாபேஸ் ஃபோல்டரையும் பழைய ஐபிடேட்டா1-ஐயும் கொண்டுவந்து போடு. மைஎஸ்கியூஎல், பெர்ஃபாமன்ஸ்_ஸ்கீமா, பிஎச்பிமைஅட்மின் என்ற பெயரில் இருப்பவற்றைப் பழையதிலிருந்து எடுக்காதே. அப்படி எழுந்தாலும் அதை நம்பி நாள் ஓட்டாமல் உடனே எக்ஸ்போர்ட் எடுத்து, புதிய டேட்டாபேஸில் இம்போர்ட் செய்துவிடு.

செவ்வாழை

இந்த இழையைத் தேடி வரும் மேக் ஆட்களுக்காக ஒரு வரி. ஃப்ளாஸ்க் (பைத்தானில் வெப் செய்யும் கருவி) 5000-இல் ஓட மறுத்தால், மேக்ஓஎஸ் மான்டரே (2021) முதல் ஏர்ப்ளே ரிசீவர் அந்த போர்ட்டை எடுத்துக்கொள்கிறது. செட்டிங்ஸில் அதை ஆஃப் செய்யுங்கள், அல்லது 5001 போடுங்கள்.

நெட்டப்பயல்

எழுந்துவிட்டது அக்கா, டேபிள்களும் பத்திரமாக இருக்கின்றன! கடைசியாக ஒன்று. லேபில் எக்ஸ்போர்ட் எடுத்த ஃபைலை இங்கே இம்போர்ட் செய்தேன். புத்தகப் பெயர்கள் எல்லாம் தமிழ். சில வரிகளில் வெறும் கேள்விக்குறியாகவே வருகிறது. மற்ற வரிகளில் தலையில் கோடு போட்ட சின்ன ஏ, வட்டத்துக்குள் ஆர், திரும்பக் கோடு போட்ட ஏ என்று ஏதோ மந்திரம் மாதிரி.

பனங்காட்டான்

இரண்டும் வேறு வேறு நோய். கோடு போட்ட ஏயும் வட்டத்துக்குள் ஆரும் மாறி மாறி வந்தால் தமிழ் உயிரோடு இருக்கிறது. யூடிஎஃப்-8இல் ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட், அதில் முதல் பைட் எப்போதும் ஒன்றே, இரண்டாவதும் இரண்டில் ஒன்றுதான். அதை லத்தீன்1 (மேற்கு ஐரோப்பிய எழுத்துகளுக்கு மட்டுமான பழைய முறை) என்று நினைத்துப் படித்தால் அந்த ஏயும் ஆரும்தான் திரும்பத் திரும்பத் தெரியும். பைட் சரி, படிப்பவன்தான் தப்பாகப் படிக்கிறான். கனெக்ஷன் போட்டதும் அடுத்த வரியிலேயே மைஎஸ்கியூஎல்ஐ செட் சார்செட் கொடுத்து யூடிஎஃப்8எம்பி4 என்று சொல். இம்போர்ட் பக்கத்திலும் ஃபைலின் கேரக்டர் செட் யூடிஎஃப்-8 என்று இருக்கிறதா பார்த்துவிட்டு, புதிய டேட்டாபேஸில் திரும்ப இம்போர்ட் செய்.

கேள்விக்குறி அப்படி இல்லை. எழுதும்போதே லத்தீன்1-இல் அந்த எழுத்துக்கு இடமில்லாமல் கேள்விக்குறியாக மாற்றி எழுதிவிட்டது, அடியில் இருப்பதும் நிஜமான கேள்விக்குறிதான், எந்த செட்டிங்கும் அதைத் திருப்பித் தராது. எக்ஸ்போர்ட் ஃபைலை நோட்பேடில் திறந்து பார். அதில் தமிழ் இருந்தால் இம்போர்ட்டில்தான் போயிருக்கிறது, டேபிளின் கொலேஷனை (எந்த எழுத்து முறை, எந்த அகரவரிசை என்ற செட்டிங்) யூடிஎஃப்8எம்பி4-க்கு மாற்றிவிட்டு மறுபடி ஏற்று. அதிலும் கேள்விக்குறிதான் என்றால் லேபில் அந்த டேபிளின் கொலேஷன் லத்தீன்1_ஸ்வீடிஷ் என்று இருக்கும் (மைஎஸ்கியூஎல் ஸ்வீடன் கம்பெனி ஒன்று ஆரம்பித்தது, நம் ஊர்ப் புத்தகப் பட்டியலுக்கு அந்த ஊர் அகரவரிசை). அந்த வரிகளைப் புதிதாகத்தான் தட்டச்சு செய்ய வேண்டும், அதற்கு முன்னால் கொலேஷனை மாற்றிவிடு. எத்தனை புத்தகம் அப்படி இருக்கிறது?

நெட்டப்பயல்

நோட்பேடிலும் கேள்விக்குறிதான் அண்ணா. நாற்பது சொச்சம் இருக்கும். லைப்ரரியன் சாரிடம் பழைய ரெஜிஸ்டர் இருக்கிறது, நாளைக்குப் போய் உட்கார்ந்து அடித்துவிடுகிறேன்.