மறு: பெயிண்ட் பேடுக்குத் தமிழில் என்ன சொல்வது?

அன்பு நண்பர்களுக்கு,

வணக்கம். வீட்டுக்கு நாமே பெயிண்ட் அடித்துக்கொள்ளும் கையேட்டின் தமிழாக்கம் 'பேடா, ரோலரா' என்ற அத்தியாயத்தில் வந்து சிக்கி நிற்கிறது. நான்கு நாளாக நீங்கள் எழுதியதை எல்லாம் படித்துக்கொண்டுதான் இருந்தேன். வாய் திறக்காததற்குக் காரணம், போன சனிக்கிழமை வரை நான் பேடைக் கையில் பிடித்ததே இல்லை. மதுரையில் இருந்தவரை பட்டி பார்ப்பதும் பிரைமர் அடிப்பதும் பெயிண்டர் பாடு, நேரத்துக்கு டீ வாங்கித் தருவது நம் பாடு. இலண்டனில் ஆள் கூலியைக் கேட்டால் நாமே ஏணியில் ஏறிவிடலாம் என்று தோன்றும். ஏறினேன். இரண்டு அறை, ஒரு மாடிப்படிச் சுவர். பேடும் ரோலரும் வாங்கி, இரண்டாலும் அடித்துப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

பார்க்காதவர்களுக்காக: பேட் என்பது உள்ளங்கையைவிடச் சற்றுப் பெரிய நீள்சதுரத் தட்டு. முதுகில் கைப்பிடி. அடியில் ஃபோம், அதன் முகத்தில் வெல்வெட் துணி போலக் குட்டையான, நெருக்கமான இழை. இந்த இழை மட்டும்தான் பெயிண்டில் நனைய வேண்டும். ஃபோம் குடித்துவிட்டால் சுவரில் வைத்ததும் நாலு பக்கமும் வழியும். அதற்காகவே பேடோடு வரும் தட்டில் ஒரு சின்ன உருளை பெயிண்டில் பாதி மூழ்கிக் கிடக்கிறது. அதன்மேல் பேடை ஓர் இழுப்பு இழுத்தால் அளவாக ஏறிக்கொள்ளும்.

இனி உங்கள் பரிந்துரைகள்.

> 'ஒத்தி' எனலாம். ஒத்தடம், மையொற்றும் தாள் எல்லாம் அந்த வேர்தானே?

மதுரையில் யாரிடமாவது 'ஒத்திக்கு எடுத்திருக்கிறேன்' என்று சொல்லிப் பாருங்கள். 'எந்த ஏரியா? எத்தனை லட்சம்?' என்பார்கள். மொத்தமாக ஒரு தொகையைக் கொடுத்து, வாடகை இல்லாமல் குடியிருந்து, காலி செய்யும்போது தொகையைத் திரும்ப வாங்கிக்கொள்ளும் ஏற்பாடு அது. சரி, ஒரு சொல்லுக்கு இரண்டு பொருள் இருந்தால் குடி முழுகிவிடாது. என் மறுப்பு வேறு. ஒற்றுவது என்றால் வைத்து எடுப்பது. பேடை அப்படி வைத்து எடுத்தால் செங்கல் அடுக்கியது போல் சுவரில் அச்சு விழுகிறது. முதல் பத்து நிமிடம் நான் செய்தது அதைத்தான். வைத்த கையை எடுக்காமல், சீராக, ஒரே இழுப்பாக இழுக்க வேண்டும்.

> இங்க் பேடுக்கு மைத்திண்டு இருக்கிறதே. 'வண்ணத்திண்டு' போதும்.

திண்டு சாய்ந்து உட்காருவதற்கு. கல்யாண வீட்டில் மாப்பிள்ளைக்குப் போடுவார்கள். இதை விட்டுவிடலாம்.

> ரோலருக்கு 'உருட்டி'. உருள் தன்வினை, உருட்டு பிறவினை. சுவரில் உருட்டுவது நாம், ஆகவே உருட்டி.

இலக்கணம் சரிதான். ஆனால் இன்றைய பிள்ளைகள் வாயில் உருட்டு என்றால் புளுகு. 'பெயிண்டர் உருட்டியோடு வந்தார்' என்று எழுதினால் அவர் பேச்சை எவன் நம்புவான்? ரோலருக்கு 'உருளை' போதும். எரிவாயு உருளையும் உருளை வறுவலும் இத்தனை நாளாக ஒரே சமையலறையில் சண்டையில்லாமல் இருக்கின்றன, பெயிண்ட் உருளையும் இருந்துவிட்டுப் போகட்டும். பழந்தமிழில் 'உருள்' என்றாலே வண்டிச் சக்கரம். ரோலரும் காம்பில் மாட்டிய ஒரு நீளச் சக்கரம்தானே.

பேடுக்கு நான் சொல்வது 'நீவி'. சுளுக்குக்கு நீவி விடுகிறோம், பிள்ளைக்குத் தலையை நீவுகிறோம், புடவைச் சுருக்கத்தைக் கையால் நீவிச் சரிசெய்கிறோம். அழுத்தமும் இழுப்பும் கலந்த அந்தக் கையசைவுதான் பேடுக்கும் வேண்டியது. கருவி செய்யும் வேலையை வைத்து அதற்குப் பெயரிடுவது நம் பாட்டிமார் வழக்கம்: பாக்குவெட்டி, தேங்காய்த்துருவி, முள்வாங்கி. அந்த வரிசையில் வண்ணநீவி.

கையசைவை வைத்துப் பெயர் சொன்னால் அத்தியாயத்தின் பாதி விளக்கம் பெயரிலேயே வந்துவிடும். உருளும் பொருள் மேடு பள்ளத்தில் ஏறி இறங்கும், நீவும் பொருள் மேட்டை மட்டும் தொட்டுவிட்டுப் போய்விடும். என் வீட்டுப் படிக்கட்டின் மேல் சீலிங்கில் சாந்தைக் குழைத்து விசிறி விசிறியாகக் கோலம் போட்டிருக்கிறார்கள். ஆர்டெக்ஸ் என்பார்கள், இங்கே பழைய வீடுகளில் நிறையக் காணலாம். (1980கள் வரை இதில் கல்நார், அதாவது ஆஸ்பெஸ்டாஸ், கலந்ததுண்டு. பழைய வீடு என்றால், பரிசோதிக்காமல் சுரண்டவோ தேய்க்கவோ கூடாது என்று அத்தியாயத்தில் தடித்த எழுத்தில் சேர்க்க வேண்டும்.) அதில் பேடை இழுத்தேன். விசிறியின் முதுகெல்லாம் வெள்ளை, பள்ளமெல்லாம் பழைய மஞ்சள். கழுத்து வலித்ததுதான் மிச்சம். அப்புறம் நீள இழை உறை போட்ட ரோலரை எடுத்து இரண்டு முறை ஏற்றி இறக்கினேன், பள்ளம் அடைந்துவிட்டது.

உறையின் இழை நீளத்தில்தான் ரோலரின் சூட்சுமமே இருக்கிறது, மூல நூல் இதை ஒரு வரியில் கடந்துவிடுகிறது. வழவழப்பான சுவருக்கு 5, 6 மில்லிமீட்டர் போதும். சாதாரணச் சுவருக்கு 10, 12. சொரசொரப்பான பரப்புக்கு 18க்கு மேல். இழை நீள நீளப் பெயிண்டை அதிகம் குடிக்கும், அதிகம் தெறிக்கும், காய்ந்தபின் சுவர் சாத்துக்குடித் தோல் போலப் புள்ளி புள்ளியாகத் தெரியும். தெறிப்பு எவ்வளவு நுணுக்கம் என்றால், வேலை முடிந்து கண்ணாடியைக் கழற்றிய பிறகுதான் எதிர்ச்சுவர் இன்னும் பழைய நிறத்திலேயே இருப்பது தெரிந்தது. நான் பார்த்துக்கொண்டிருந்தது கண்ணாடியில் படிந்த வெள்ளைப் புள்ளிகளை.

பேடில் அந்தத் தொல்லை கிட்டத்தட்ட இல்லை. தரைவிரிப்பை எடுக்க முடியாத படுக்கையறைக்கு அதுதான் நல்லது. புள்ளியும் விழாது. ஆனால் மெல்லிசாகத்தான் ஏறும். ரோலரில் இரண்டு கோட்டிங்கில் மறைந்த பழைய நிறம் பேடில் மூன்று கேட்டது. எண்ணெய்ப் பெயிண்டுக்குப் பயன்படுத்தி டர்பன்டைனில் கழுவினால் சில பேடுகளில் ஃபோமை ஒட்டிய பசையே விட்டுப்போகும். புதுப் பூச்சுச் சுவருக்குத் தண்ணீர் கலந்து அடிக்கும் முதல் கோட்டிங்குக்கும் ரோலர்தான் வசதி.

நீவி, உருளை. இரண்டுக்கும் உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.

———

டொராண்டோவிலிருந்து ஒரு மறுமொழி:

வணக்கம் அண்ணை. முதலில் ஒரு சின்னப் பெருமை. றோலர் பிறந்ததே எங்கட ஊரில். 1940இல் நார்மன் பிரேக்கி என்பவர் டொராண்டோவில் உருவாக்கினார் என்று சொல்வார்கள். பாவம், காசு பார்த்தது வேறு ஆட்கள்.

'வண்ண' என்ற முன்னொட்டு எனக்கு ஒத்துவரவில்லை. வண்ணம் என்றால் நிறம், பெயின்ற் என்பது வாளியில் இருக்கிற பொருள். இலங்கையில் எங்களுக்குப் பள்ளிக்கூடத்திலேயே 'தீந்தை' என்ற சொல் இருந்தது. போர்த்துக்கீசிய 'டின்டா'வின் வழி வந்தது என்பார்கள். அலமாரிக்கும் சாவிக்கும் கொடுத்த குடியுரிமையை இதற்கும் கொடுக்கலாம். தீந்தை உருளை என்று சொல்லிப் பாருங்கள், கரடுமுரடாக இல்லை.

நீவி வடிவான சொல். ஆனால் 'நீவி எடுத்து வா' என்று மனிசியிடம் கேட்டால், எதை நீவிவிட்டு எடுத்து வர என்று திருப்பிக் கேட்பா. வினையெச்சமும் பெயரும் ஒன்றாகிவிடுகிறது. அதோடு, ஓரத்துக்கு அடிக்கிற பேடையும் மறக்க வேண்டாம், இரண்டு குட்டிச் சக்கரம் வைத்தது. அந்தச் சக்கரத்தைச் சீலிங்கில் பதித்து ஓட்டினால் கோடு நேராக வரும். சக்கரத்தில் தீந்தை பட்டதோ, சீலிங்கில் தண்டவாளம் போட்டுவிடும். ஒவ்வொரு முறையும் துடைத்துவிட்டுத்தான் வைக்க வேண்டும். அதற்கு என்ன பெயர்?

———

என் பதில்:

தண்டவாளம் என் வீட்டிலும் ஓடுகிறது. படிக்கட்டின் மேல், ஒன்றரை அடி நீளம்.

தீந்தைக்கு என் ஓட்டு உண்டு. தமிழ்நாட்டு வாசகருக்கு முதல் முறை வரும் இடத்தில் 'பெயிண்ட்' என்று ஒரு சொல் சேர்த்துவிட்டால் போதும்.

வினையெச்சக் குழப்பத்தை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. துருவி, வடிகட்டி எல்லாவற்றுக்கும் அதே குழப்பம் உண்டு, யாரும் பட்டினி கிடக்கவில்லை. ஆனால் நீவியை நான் வேறு காரணத்துக்காகத் திரும்பப் பெற வேண்டியிருக்கிறது.

நேற்று ஊருக்குப் பேசும்போது, எங்கள் வீட்டுக்கு முப்பது வருடமாக அடித்துத் தரும் பெயிண்டர் அண்ணன் பக்கத்தில் இருந்தார். மட்டையை நசுக்கி நார் பிரித்துச் சுண்ணாம்பு அடித்த காலத்திலிருந்து இந்தத் தொழிலில் இருப்பவர். போனை வாங்கச் சொல்லி, பேடைக் காட்டாமல், வாயாலேயே சொன்னேன்: தட்டை, முதுகில் பிடி, அடியில் ஃபோம், அதில் குட்டை இழை. முழுதாகக் கேட்கக்கூட இல்லை.

"நம்ம கொத்தனார் வச்சிருக்கிற மணியாசுக்கட்டையில பஞ்சு ஒட்டின மாதிரிங்களா?"

ஆமாம் என்றேன்.

"அப்ப பஞ்சுக்கட்டை."

நான்கு நாள், நாற்பது மடல், அவருக்கு ஒரு மூச்சு. குறை சொல்ல வேண்டும் என்றால் சொல்லலாம். சுவரில் படுவது இழை, பஞ்சு அல்ல. கட்டை என்றால் மரம், இது பிளாஸ்டிக். ஆனால் மணியாசுக்கட்டையே இப்போது பிளாஸ்டிக்கில்தான் நிறைய வருகிறது, அதை யாரும் கட்டை இல்லை என்று சொல்லவில்லை. பூச்சு வேலையில் சாந்தைத் தேய்த்து மட்டமாக்கும் அந்தக் கையும் பேடை இழுக்கும் கையும் ஒரே கை. அதைச் சுவரைப் பார்த்து வளர்ந்தவர் சட்டென்று கண்டுபிடித்துவிட்டார். நான் நீவு, தடவு, ஒற்று என்று வினைச்சொற்களுக்குள் தேடிக்கொண்டிருந்தேன்.

ஆகவே தலைப்புச் சொல்லாகப் பஞ்சுக்கட்டை. நீவு என்பதை வினையாக வைத்துக்கொள்வோம்: 'பஞ்சுக்கட்டையைச் சுவரில் வைத்து ஒரே சீராக நீவவும்.' சக்கரம் வைத்தது ஓரக்கட்டை. உருளைக்குப் போடும் துணி 'உறை', தலையணைக்குப் போல. இவற்றுக்கு மறுப்பு இருந்தால் ஞாயிறுக்குள் சொல்லிவிடுங்கள், கோப்பில் ஏற்றிவிடுகிறேன்.

போனை வைக்குமுன் ரோலருக்கும் ஒரு தமிழ்ச்சொல் கேட்டேன். "அதான் ரோலர்னு இருக்கே தம்பி" என்றார்.