முனைவர் பட்ட மாணவர்களுக்குச் செயற்கை நுண்ணறிவு பற்றி நூலகம் எதைக் கற்பிக்க வேண்டும்?

கேள்வி: உதவி நூலகர்

அனைவருக்கும் வணக்கம். தமிழ்நாட்டில் உள்ள ஒரு பல்கலைக்கழக நூலகத்தில் பணியாற்றுகிறேன். முனைவர் பட்டப் பதிவுக்கு முன் படிக்க வேண்டியதாகப் பல்கலைக்கழக மானியக் குழு 2019 இறுதியில் கொண்டுவந்த ‘ஆய்வு மற்றும் வெளியீட்டு அறநெறி’ என்ற இரண்டு கிரெடிட் பாடத்தில், தரவுத்தளங்கள் பற்றிய பகுதியை எங்கள் நூலகமே நடத்தி வருகிறது. இந்த ஆண்டு அதில் இரண்டு மணி நேரத்தைச் செயற்கை நுண்ணறிவுக்கு ஒதுக்கும்படி சொல்லியிருக்கிறார்கள்.

இதுவரை நாங்கள் செய்து வந்தது, நிறுவனப் பிரதிநிதிகளை அழைத்து அவர்களுடைய கருவியை இயக்கிக் காட்டச் செய்வதுதான். மாணவர்கள் கருவிகளின் பெயர்களைக் குறித்துக்கொண்டு போகிறார்கள். சில மாதங்களில் அந்தப் பெயர்கள் பழையனவாகிவிடுகின்றன. அதைவிட என்னை வருத்துவது, ஆய்வு மாணவர்களில் பலருக்கு நூலகம் என்பது ஆய்வேட்டை ஒப்படைக்கும் தறுவாயில் ஒப்புமைச் சதவீதச் சான்றிதழ் (பிறர் எழுத்தோடு எவ்வளவு ஒத்திருக்கிறது என்பதற்கான சான்று) வாங்கும் இடமாக மட்டுமே தெரிகிறது என்பதாகும். பிற நாட்டுப் பல்கலைக்கழக நூலகங்கள் இதை எப்படி அணுகுகின்றன? இரண்டு மணி நேரத்தில் உருப்படியாக எதைக் கற்பிக்க முடியும்? தமிழ்த்துறை மாணவர்களும் அதே வகுப்பில்தான் இருப்பார்கள்.

மறுமொழி 1: கனடா வாசகர்

வணக்கம். கருவிகளின் பெயர்ப் பட்டியலைக் கைவிட வேண்டும் என்று நீங்கள் நினைப்பது சரியே. மான்ட்ரியலில் உள்ள மெக்கில் பல்கலைக்கழகத்தின் நூலகர்கள் இருவர் 2020இலேயே ‘ரோபோட் சோதனை’ என்றொரு எளிய வினாத்தொகுப்பை உருவாக்கினார்கள். ஒரு செயற்கை நுண்ணறிவுக் கருவியைப் பற்றிப் படிக்கும்போது அதைக் குறித்த தகவல் நம்பத்தக்கதா, அக்கருவி எந்த நோக்கத்துக்காக உருவானது, அதில் என்ன சார்பு இருக்கக்கூடும், அதன் உடைமையாளர் யார், அது எந்த வகையைச் சேர்ந்தது என்று ஐந்து கோணங்களில் கேட்கச் சொல்கிறது அது. சாட்ஜிபிடி பொதுமக்களுக்கு வந்தது 2022 நவம்பர் 30 அன்று. அதற்கு முன்பே எழுதப்பட்ட அந்தக் கேள்விகள் இன்றும் செல்லுபடியாவதற்குக் காரணம், அவை கருவியின் பொத்தான்களைப் பற்றிப் பேசாமல் உடைமையையும் நோக்கத்தையும் பற்றிப் பேசுவதுதான்.

அமெரிக்காவின் ரோட் ஐலண்ட் பல்கலைக்கழகம் தன் செயற்கை நுண்ணறிவு ஆய்வகத்தை 2018இல் பொறியியல் துறையில் அமைக்காமல் மைய நூலகத்தில் திறந்தது. எந்தத் துறை மாணவரும் உள்ளே வந்து பழகவும், அதன் சமூக விளைவுகளை விவாதிக்கவும் நூலகமே ஏற்ற பொதுவிடம் என்பது அவர்கள் எண்ணம். உங்களிடம் அத்தனை இயந்திரங்கள் இல்லாவிட்டாலும், எல்லாத் துறையினரும் வந்து கூடும் இடம் என்ற அந்தத் தகுதி எந்த நூலகத்துக்கும் உண்டு.

நிறுவனப் பிரதிநிதி வந்தால் அவரிடம் கேட்க வேண்டிய கேள்வியையும் மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுங்கள்: உங்கள் கருவி விடை சொல்லும்போது எதை வாசித்துச் சொல்கிறது? எடுத்துக்காட்டாக, ஸ்கோபஸ் என்ற ஆய்வுக் கட்டுரைத் தரவுத்தளத்தின் செயற்கை நுண்ணறிவுக் கருவியான ஸ்கோபஸ் ஏஐ, கட்டுரைகளின் ஆய்வுச் சுருக்கங்களை அடிப்படையாகக் கொண்டே விடையைத் தொகுக்கிறது. கட்டுரை முழுவதையும் அது படித்துவிட்டதாக நம்புகிற மாணவர், ஆய்வு முறையியலில் உள்ள குறையைக் கடைசிவரை பார்க்காமலேயே மேற்கோள் காட்டிவிடுவார்.

மறுமொழி 2: மேற்கோள் தேடுபவர்

என் கருத்தில் இரண்டு மணி நேரத்தில் ஒன்றரை மணி நேரத்தை ஒரே பயிற்சிக்குக் கொடுத்துவிடலாம். ஒவ்வொரு மாணவரும் தம் ஆய்வுத் தலைப்பில் பத்துச் சான்றுகளைச் செயற்கை நுண்ணறிவிடம் கேட்டுப் பெற வேண்டும்; பிறகு அவற்றை ஒவ்வொன்றாக மூலம் வரை தேடிச் செல்ல வேண்டும்.

இதற்கு நல்ல ஆதாரமும் இருக்கிறது. 2023இல் ‘சயின்டிஃபிக் ரிப்போர்ட்ஸ்’ இதழில் வந்த ஓர் ஆய்வு, 42 தலைப்புகளில் சாட்ஜிபிடியை எழுத வைத்த 84 கட்டுரைகளிலிருந்து 636 மேற்கோள்களைச் சரிபார்த்தது. அதன் ஜிபிடி-3.5 பதிப்பு தந்தவற்றில் 55 சதவீதமும் ஜிபிடி-4 பதிப்பு தந்தவற்றில் 18 சதவீதமும் இல்லாத நூல்கள், இல்லாத கட்டுரைகள். உண்மையில் இருந்தவற்றிலும் முறையே 43, 24 சதவீதத்தில் குறிப்பிடத்தக்க பிழைகள் இருந்தன. புதிய கருவிகளில் நிலைமை மாறியிருக்கலாம். ஆனால் உங்கள் வகுப்பில் அன்று கிடைக்கும் விடைகளை மாணவர்களே எண்ணிப் பார்த்துத் தெரிந்துகொள்வார்கள் என்பதுதான் இப்பயிற்சியின் பலன்.

போலி மேற்கோள் பார்வைக்குக் குற்றமற்றதாகவே இருக்கும். ஆசிரியர் உண்மையானவர், இதழும் உண்மையானது, தலைப்பு அவர் எழுதியிருக்கக்கூடியதாகவே தோன்றும். அந்தத் தொகுதியின் அந்தப் பக்கத்தைத் திறந்தால்தான் அங்கே வேறொருவரின் கட்டுரை இருப்பது தெரியும். ஆகவே கட்டுரைக்கு இணையத்தில் தரப்படும் நிலையான அடையாள எண்ணான டிஓஐயை, அத்தகைய எண்களைப் பதிவுசெய்யும் கிராஸ்ரெஃப் தளத்தில் இட்டுப் பார்ப்பது, இதழின் பொருளடக்கத்துக்குச் செல்வது, கட்டுரை திரும்பப் பெறப்பட்டதா என்று பார்ப்பது ஆகிய மூன்றையும் கையால் செய்து பழக வேண்டும். அதன் பிறகு வருவதுதான் கடினமான பகுதி. கட்டுரை இருக்கிறது, ஆனால் செயற்கை நுண்ணறிவு சொன்ன கருத்து அதில் இருக்கிறதா? இதற்குக் குறுக்குவழி கிடையாது, படித்தாக வேண்டும். இங்கே நூலகருக்கு உரிய வேலை, அந்தக் கட்டுரையை மாணவரின் கைக்குக் கொண்டுவந்து சேர்ப்பது. 2025 முதல் ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டத்தில் அரசுப் பல்கலைக்கழகங்களுக்கு ஏறத்தாழ 13,000 இதழ்கள் திறந்துவிடப்பட்டிருக்கின்றன. அதைப் பயன்படுத்தத் தெரியாமல் சுருக்கத்தோடு நின்றுவிடும் மாணவர்களை எண்ணினால் மனம் பொறுக்கவில்லை.

மறுமொழி 3: தமிழாய்வு மாணவி

மேலே சொன்ன பயிற்சி மிகவும் பயனுள்ளது. ஆயினும் தமிழ்த்துறையினருக்கு அதை அப்படியே கொடுத்தால் தவறான முடிவுக்கு வந்துவிடுவார்கள். தமிழ் ஆய்விதழ்கள் பலவற்றுக்கு டிஓஐ எண்ணே கிடையாது. நம் பழைய ஆய்வு நூல்களும் கருத்தரங்கக் கோவைகளும் கிராஸ்ரெஃபில் அகப்படா. அங்கே இல்லை என்பதால் ஒன்று போலியாகிவிடாது. எங்களுக்குத் தேடுமிடங்கள் வேறு: தமிழ் இலக்கியங்களின் இணையத் தொகுப்பான மதுரைத் திட்டம், தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம், சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தின் பட்டியல், இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகளின் இணையக் களஞ்சியமான சோத்கங்காவில் உள்ள ஆய்வேடுகள்.

செய்யுள் மேற்கோளுக்குத் தனிப் பயிற்சி வேண்டும். சங்கப் பாடலொன்றைக் கேட்டால் பழந்தமிழ் ஓசையோடு புதிதாக அடிகளைக் கட்டிக் கொடுத்து, அதற்கு ஒரு புலவர் பெயரையும் சேர்த்துவிடுகிறது. நல்ல வேளையாக நம் நூல்களின் அமைப்பே சோதிக்க உதவுகிறது. குறுந்தொகையில் கடவுள் வாழ்த்து நீங்கலாக 401 பாடல்கள்; நான்கு முதல் எட்டு அடிகள், ஒன்பதடிப் பாடல் ஒன்றிரண்டு. அப்படியிருக்க 420ஆம் பாடல் என்றோ பன்னிரண்டு அடிகளோடோ ஒன்று வந்தால் அங்கேயே நிறுத்திவிடலாம். அளவு பொருந்தியிருந்தால் எண், திணை, கூற்று, புலவர் ஆகியவற்றை உ.வே.சா. பதிப்போடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். இணையத்தில் தட்டச்சுப் பிழைகளும் இருப்பதால் அச்சுப் பதிப்பை நூலகத்தில் எடுத்துப் பார்க்கும் பழக்கம் இதனாலேயே திரும்பி வரும் என்று உண்மையாகவே நம்புகிறேன்.

உதவி நூலகர்

மூவருக்கும் மிக்க நன்றி. இன்னொரு சிக்கல் இருக்கிறது. ஒப்புமை அறிக்கையோடு, ஆய்வேட்டில் எத்தனை சதவீதம் செயற்கை நுண்ணறிவு எழுதியது என்பதற்கும் நூலகமே சான்று தர வேண்டும் என்று நெறியாளர்கள் சிலர் கேட்கிறார்கள்.

மறுமொழி 4: ஓய்வுபெற்ற நூலகர்

அந்தச் சான்றிதழில் கையெழுத்திடாதீர்கள். ஒப்புமை என்பது இருக்கும் ஒரு மூலத்தோடு ஒப்பிட்டுக் காட்டக்கூடியது. பத்துச் சதவீதம் வரை தண்டனையில்லை என்று பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதிமுறை வரையறுத்திருக்கிறது, மாணவர் எதிர்வாதம் செய்யவும் இடமுண்டு. செயற்கை நுண்ணறிவுச் சதவீதமோ வெறும் ஊகம். எதிரே வைத்துப் பார்க்க மூலமே இல்லை. ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் 2023இல் ஏழு கண்டறி கருவிகளைச் சோதித்தபோது, ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதவர்கள் எழுதிய 91 டோஃபல் (ஆங்கிலத் திறன் தேர்வு) கட்டுரைகளில் சராசரியாக 61 சதவீதத்தை இயந்திரம் எழுதியவை என்று அவை தவறாகச் சொல்லின. நம் மாணவர்கள் அந்த நிலையில்தான் இருக்கிறார்கள். அதே ஆண்டு அமெரிக்காவின் வேண்டர்பில்ட் பல்கலைக்கழகம், ஒப்புமை பார்க்கும் மென்பொருளான டர்னிடினின் கண்டறி வசதியை நிறுத்திவிட்டது: ஒரு சதவீதப் பிழை என்றாலும், தாங்கள் ஆண்டுக்கு அனுப்பும் 75,000 தாள்களில் 750 தாள்கள் மீது வீண்பழி விழும் என்று அவர்கள் கணக்கிட்டார்கள்.

அதற்கு மாற்றாக, எந்தக் கருவியை எந்தப் பணிக்குப் பயன்படுத்தினேன் என்று மாணவரே எழுதித் தரும் உறுதிமொழிப் படிவம் ஒன்றை நெறியாளர்களிடம் முன்வையுங்கள். வெளியீட்டு அறநெறிக் குழுவான ‘கோப்’ 2023இல் வெளியிட்ட நிலைப்பாடும் இதுவே: கருவி ஆசிரியராகாது, அதைப் பயன்படுத்தியதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும்.

வகுப்பில் மறவாமல் சொல்ல வேண்டிய இன்னொன்று: சந்தாவில் வந்த கட்டுரைகளின் பிடிஎஃப் கோப்புகளை வெளிக் கருவிகளில் ஏற்றுவது பதிப்பகத்தோடு செய்துகொண்ட உரிம ஒப்பந்தத்தை மீறுவதாக முடியலாம். நேர்காணல் தரவுகளையும் வெளிவராத ஆய்வேட்டையும் ஏற்றுவது அதைவிடத் தீங்கு. தகவல் தந்த மக்களிடம் அதற்கு ஒப்புதல் பெறப்படவில்லை.

உதவி நூலகர்

படிவத்தின் வரைவை நெறியாளர் கூட்டத்துக்குக் கொண்டுபோகிறேன். வகுப்பில் தமிழ்த்துறைக்குத் தனிப் பயிற்சித்தாள், மற்றவர்களுக்கு வேறு தாள் என்று பிரித்துக்கொள்கிறேன். கடைசி அரைமணி நேரம் உரிமத்துக்கும் தரவுப் பாதுகாப்புக்கும் இருக்கட்டும். தமிழாய்வு மாணவியிடம் ஒரு வேண்டுகோள்: குறுந்தொகைக்குச் சொன்னதுபோல் நற்றிணைக்கும் அகநானூற்றுக்கும் அடி எல்லையோடு ஒரு குறிப்புத் தர முடியுமா? பயிற்சித்தாளில் சேர்த்துக்கொள்வேன்.

தமிழாய்வு மாணவி

நற்றிணை பெரும்பாலும் 9 முதல் 12 அடிகள், அகநானூறு 13 முதல் 31 அடிகள். இரண்டிலும் நானூறு பாடல்கள். நற்றிணையில் 234ஆம் பாடல் கிடைக்கவில்லை என்பதையும் தாளில் குறிப்பிடுங்கள். அந்தப் பாடலைக் கருவியிடம் கேட்கச் சொன்னால் வகுப்புக்கு நல்ல தொடக்கமாக இருக்கும்.