காத்தாடி (காற்றாலை) டெக்னீஷியன் வேலை: அடுத்து பிஎல்சி எங்கே படிக்க?

அண்ணாச்சிமாரே, பிஎல்சி (மெஷினை புரோகிராம் போட்டு ஓட்டுற கன்ட்ரோலர்) கத்துக்க ஒரு வழி சொல்லுங்க. ஐடிஐ எலக்ட்ரீசியன், வயசு 29. பணகுடிப் பக்கம் 225, 250 கிலோவாட் பழைய காத்தாடிகளில் ஆறு வருஷமா பராமரிப்பு வேலை. கான்டாக்டர், கெப்பாசிட்டர் பேங்க், சாஃப்ட் ஸ்டார்ட்டர் தைரிஸ்டர், இவ்வளவுதான் கைப்பழக்கம். 2024-ல் ரீபவரிங் கொள்கை வந்தாச்சு. பழசைக் கழற்றிட்டு நிறுத்துற பெரிய மெஷினில் பிட்ச் கன்ட்ரோல் (இறக்கைக் கோணத்தைத் திருப்புறது), கன்வெர்ட்டர், ஸ்காடா (கம்ப்யூட்டரில் தூரத்திலிருந்து கண்காணிக்கிறது).

இதுவரை செஞ்சது: லேப்டாப் சிமுலேட்டரில் நாலு மாசம் லேடர் லாஜிக் (பிஎல்சி புரோகிராம் எழுதுற முறை). டைமர், கவுன்ட்டர், லாட்சிங் சரளமா வருது. அனலாக்கில், அதாவது ஏறி இறங்குற சென்சார் அளவில்தான் மாட்டுது. 4–20 மில்லிஆம்ப் சென்சாரில் வயர் அறுந்தா கரண்ட் 0-க்குப் போகும், அதை வச்சு ஃபால்ட் எடுக்கணும். சிமுலேட்டரில் எந்த வயர் அறும்?

டிப்ளமோவில் நேரடியா ரெண்டாம் வருஷம் சேரலாம்தான். விசாரிச்ச இடமெல்லாம் பகல் வகுப்பு, ஷிப்டுக்கு ஒத்துவரல. ஜிடபிள்யூஓ (உலகக் காற்றாலை அமைப்பு) பாதுகாப்புச் சான்றிதழ் ரெண்டு வருஷத்தில் காலாவதி. வேலை உறுதியாகாம எடுத்தா காசு காத்துல போகும்.

ஆடிக் காத்து அடங்கினா ஐப்பசியிலிருந்து பங்குனி வரை நேரம் கிடைக்கும். கையில் 40,000 ரூபாய். நெல்லை, வள்ளியூர், நாகர்கோவில் சுத்துவட்டாரத்தில், நிஜ பிஎல்சி, விஎஃப்டி (மோட்டார் வேகத்தைக் கூட்டிக் குறைக்கிற டிரைவ்) பேனலில் வயரிங்கோடு சாயங்காலமோ ஞாயித்துக்கிழமையோ சொல்லித்தர்ற இடம் எது?