ழான் வல்ழான் திருந்திய தருணம் எது? நண்பர்களின் கருத்து வேண்டும்

நண்பர்களுக்கு வணக்கம். விக்டர் ஹியூகோவின் 1862ஆம் ஆண்டு நாவலான 'லே மிசெராப்ல்' குறித்து எங்கள் வாசகர் வட்டத்தில் பேச ஒப்புக்கொண்டிருக்கிறேன். அதற்கு உங்கள் உதவி தேவைப்படுகிறது. ரொட்டி திருடியதற்கு 5 ஆண்டுகளும், தப்ப முயன்றதற்கு 14 ஆண்டுகளும் தூலோன் சிறையில் கழித்து 1815இல் வெளிவரும் ழான் வல்ழானை, தன் வெள்ளிப் பாத்திரங்களை அவன் திருடிய பின்னும் காட்டிக்கொடுக்காமல் மெழுகுவர்த்தித் தாங்கிகளையும் சேர்த்துக் கொடுத்தனுப்பும் ஆயர் மிரியேலே மாற்றினார் என்பது பொதுவான கருத்து. ஆனால் அதற்குப் பிறகுதான் அவன் ஒரு சிறுவனின் 40 சூ (பழைய பிரெஞ்சுச் சில்லறைக் காசு) நாணயத்தைக் காலால் மிதித்து மறைத்துக்கொள்கிறான். பின்பே கதறி அழுகிறான். மேயராக உயர்ந்த பிறகும், ழான் வல்ழான் என்று தவறாகக் கருதப்பட்டு வேறொருவன் தண்டிக்கப்படவிருந்த வேளையில் இரவெல்லாம் தன்னோடு போராடி, இறுதியில் அராஸ் நீதிமன்றத்தில் எழுந்து உண்மையைச் சொல்கிறான். உண்மையான மாற்றம் இங்கேதான் முழுமையடைகிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன். நாவலை முழுமையாகப் படித்தவர்கள், இக்கருத்துக்கு எதிராக நிற்கக்கூடிய பகுதிகளைச் சுட்டிக்காட்ட வேண்டுகிறேன். சுத்தானந்த பாரதியாரின் 'ஏழை படும் பாடு' மொழிபெயர்ப்பை வைத்திருப்பவர்கள், அராஸ் காட்சி அதில் எவ்வளவு விரிவாக இடம்பெற்றிருக்கிறது என்று தெரிவித்தால் பெரிதும் நன்றியுடையவனாவேன்.