பொறுப்புள்ள முதலீடு கேட்டு வருகிறவர்கள் மனதில் இருப்பது என்ன? – அனுபவப் பகிர்வு

கணக்குப்பிள்ளை எழுதியது:

‘நல்ல கம்பெனிகளில் மட்டும்தான் போடணும்’ என்று ஒருவர் வந்து உட்கார்ந்ததும் ஆலோசகர்கள் பலர் ஃபண்ட் பட்டியலை எடுத்து நீட்டிவிடுவார்கள். அது பிறகுதான். முதலில் கேட்க வேண்டியது: ‘எந்தக் கம்பெனியின் லாபத்தில் பங்கு வந்தால் உங்களுக்கு உறுத்தும்?’ சிகரெட், ஆயுதம், சூதாட்டம் என்று யோசிக்காமல் பதில் வந்தால் அவருக்கு வேண்டியது விலக்கல், அதாவது அந்தத் துறைகளை அடியோடு ஒதுக்கும் ஃபண்ட். ‘உறுத்தல் கிடக்கட்டும், ஏதாவது மாறணும்’ என்பவருக்குக் கம்பெனிக் கூட்டங்களில் வாக்களித்து நிர்வாகத்தை நெருக்கும் ஃபண்ட் வேண்டும். ‘நாளைக்குச் சட்டம் கடுமையானால் நிலக்கரிக் கம்பெனிகள் அடிவாங்குமே’ என்பவர் பேசுவது ரிஸ்க்கைப் பற்றி. மனசாட்சிக்கு அங்கே வேலை இல்லை. மூவருக்கும் சந்தையில் கிடைப்பது ‘இஎஸ்ஜி’ (சுற்றுச்சூழல், சமூகம், நிர்வாகம்) என்ற ஒரே லேபிள். சிக்கல் அங்கேதான்.

அடுத்து, ‘இதற்காக வருஷத்துக்கு எவ்வளவு விட்டுக்கொடுப்பீர்கள்?’ எண்ணாகவே கேளுங்கள். 0.3% கூடுதல் கட்டணம் என்றால் யாருக்கும் உறைக்காது. 100 போட்டால் 7% வளர்ச்சியில் 20 ஆண்டில் சுமார் 387 ஆகும், 6.7% என்றால் சுமார் 366. இதைப் பார்த்த பிறகும் ‘இருக்கட்டும்’ என்பவர் நிலைத்து நிற்பார்.

பற்றுவரவு எழுதியது:

கணக்குப்பிள்ளை சார், அந்த ‘இருக்கட்டும்’ சொல்பவர்கள் நாம் நினைப்பதைவிட அதிகம். ரீட்ல், ஸ்மீட்ஸ் இருவரும் நெதர்லாந்து முதலீட்டாளர்களை வைத்துச் செய்து 2017இல் வெளியிட்ட ஆய்வில், இந்த வகை ஃபண்டுகளை வைத்திருந்தவர்கள் லாபம் குறையும், கட்டணம் கூடும் என்று எதிர்பார்த்தே வைத்திருந்தார்கள். இழுத்தது பிறர் நலனில் உள்ள அக்கறை. முதலீட்டைப் பற்றி நாலு பேரிடம் பேசுகிற பழக்கமும் ஒரு காரணமாகத் தெரிந்தது. நாலு பேருக்குத் தெரியட்டும் என்ற ஆசையைக் கேலி செய்யத் தேவையில்லை. ஆனால் அது மட்டுமே நோக்கமென்றால் முழு போர்ட்ஃபோலியோவையும் மாற்றுவது வீண். ஒரு பகுதி போதும்.

இன்னொன்று கொஞ்சம் சங்கடமானது. ஹீப் குழுவினரின் 2023 ஆய்வில், நன்மை தரும் முதலீட்டுக்குக் கூடுதலாகக் கொடுக்க மக்கள் தயார். ஆனால் நன்மையின் அளவு பல மடங்கு கூடினாலும் கொடுக்கத் தயாரான தொகை அதற்கேற்ப ஏறவில்லை. ‘நல்லது செய்தோம்’ என்ற நிறைவு வந்ததும் கணக்குப் பார்ப்பது நின்றுவிடுகிறது. விற்பவர்களுக்கு இது நன்றாகவே தெரியும். பச்சை இலை படம் போட்ட அட்டை எல்லாம் அதற்குத்தான்.

ஐந்தொகை எழுதியது:

விலக்கல் கேட்பவர்களைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும்; அதிகம் ஏமாறுவது அவர்கள்தான்.

இந்த நோக்கத்துக்கு வயது அதிகம். 1758இல் அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவில் குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவின் சபை அடிமை வியாபாரத்தில் கை வைக்கக் கூடாது என்று உறுப்பினர்களைக் கட்டுப்படுத்தியது. வியட்நாம் போரில் லாபம் பார்க்க மனமில்லாதவர்களுக்காக 1971இல் பேக்ஸ் வேர்ல்ட் ஃபண்ட் வந்தது. தேவை ஒன்றுதான்: என் காசு அங்கே போகக் கூடாது.

ஆனால் ‘புகையிலை கிடையாது’ என்று ஃபண்ட் சொல்வதற்கு ‘ஒரு காசு கூடக் கிடையாது’ என்று பொருளில்லை. பெரும்பாலும் வருமான வரம்பு ஒன்று இருக்கும். மொத்த வருமானத்தில் 5% வரை அனுமதி என்றால், 4% சிகரெட்டில் சம்பாதிக்கும் பெரிய வணிகக் குழுமம் உள்ளே இருக்கலாம். தயாரிப்புக்கு ஒரு வரம்பு, விற்பனைக்கு வேறு வரம்பு என்றும் வைப்பார்கள். சிகரெட்டுக்கு ஃபில்டர் செய்து கொடுப்பவர் இரண்டிலும் சிக்காமல் போகலாம். பாரிஸ் பருவநிலை ஒப்பந்தத்தை ஒட்டி ஐரோப்பிய ஒன்றியம் வகுத்த பங்குக் குறியீடுகளுக்கே, கம்பெனியின் வருமானத்தில் நிலக்கரிக்கு 1%, எண்ணெய்க்கு 10%, எரிவாயுக்கு 50% என்று வெவ்வேறு எல்லைக்கோடுகள்.

பார்க்கும் முறை இது. ஃபேக்ட் ஷீட்டில் (ஃபண்டைப் பற்றிய சுருக்கத் தாள்) பெரும்பாலும் முதல் 10 பங்குகள்தான் இருக்கும். அதை ஒதுக்கிவிட்டு முழுப் பங்குப் பட்டியலை இறக்குங்கள். திட்ட ஆவணத்தில் ‘விலக்கப்படும்’ என்று இருக்கிறதா, ‘கருத்தில் கொள்ளப்படும்’ என்று இருக்கிறதா பாருங்கள். இரண்டாவது வார்த்தை மேலாளரை எதற்கும் கட்டுப்படுத்தாது. பிறகு உறுத்தும் துறைகளின் பெயர்களைப் பட்டியலில் ஒவ்வொன்றாகத் தேடுங்கள். அரை மணி நேர வேலை.

ரேட்டிங்கை நம்பி இந்த வேலையைத் தவிர்க்காதீர்கள். பெர்க், கோல்பெல், ரிகோபோன் மூவரும் ரேட்டிங் கொடுக்கும் ஆறு நிறுவனங்கள் போட்ட இஎஸ்ஜி மதிப்பெண்களை ஒப்பிட்டபோது ஒத்துப்போகும் அளவு சராசரியாக 0.54தான், முழு ஒற்றுமை என்றால் 1. பல மதிப்பெண்கள் கம்பெனிக்கு வரும் ஆபத்தை, அதுவும் அதே துறைக்குள் ஒப்பிட்டு, அளக்கின்றன. கம்பெனியால் உலகுக்கு வரும் கேட்டை அல்ல. 2022 மே மாதம், அமெரிக்கப் பெரிய கம்பெனிகளின் எஸ் அண்ட் பி 500 குறியீட்டின் இஎஸ்ஜி வடிவத்திலிருந்து மின்சாரக் கார் செய்யும் டெஸ்லா வெளியே போனது. எண்ணெய்க் கம்பெனியான எக்ஸான் உள்ளே இருந்தது. மனசாட்சிக்காக வந்தவருக்கு இதை விளக்கிப் பாருங்கள், முகம் போகிற போக்கு தெரியும்!

கடன்பத்திரம் எழுதியது:

மாற்றம் வேண்டும் என்பவர்களுக்கு ஒரு சொல். சந்தையில் பங்கு வாங்கினால் பணம் விற்றவருக்குத்தான் போகிறது, கம்பெனிக்கு அல்ல. கம்பெனியை அசைப்பது வாக்கு. 2021இல் எஞ்சின் நம்பர் 1 என்ற சிறிய ஃபண்ட் சுமார் 0.02% பங்கை வைத்துக்கொண்டு எக்ஸான் இயக்குநர் குழுவில் 3 இடங்களைப் பிடித்தது. பெரிய ஓய்வூதிய ஃபண்டுகள் கூடவே வாக்களித்ததால்தான் அது நடந்தது. எனவே ஃபண்டின் வாக்குப் பதிவேட்டைக் கேட்டு வாங்குங்கள். நிர்வாகத்துக்கு எதிராக ஒரு வாக்குகூட இல்லை என்றால் அங்கே மாற்றத்தை எதிர்பார்க்காதீர்கள்.

பசுமைப் பத்திரத்தில் (சுற்றுச்சூழல் திட்டங்களுக்காகக் கடன் திரட்டும் பத்திரம்) புதுப் பணம் நேராகத் திட்டத்துக்குப் போகும் என்பார்கள். பழைய கடனை அடைக்க எவ்வளவு, புதுத் திட்டத்துக்கு எவ்வளவு என்பதை ஒதுக்கீட்டு அறிக்கையில் பாருங்கள்.

கணக்குப்பிள்ளை எழுதியது:

ஐந்தொகை சொன்னதோடு ஒன்று. விலக்கல் கேட்பவரிடம் கையெழுத்து வாங்கும் முன் 2022ஐக் காட்டிவிடுங்கள். அந்த ஆண்டு எஸ் அண்ட் பி 500 சுமார் 19% இறங்கியது. அதிலிருந்த எரிசக்திப் பங்குகள் 50%க்கு மேல் ஏறின. எண்ணெயை ஒதுக்கியவர்கள் அந்த ஏற்றத்தை வேடிக்கைதான் பார்த்தார்கள். அந்தப் பக்கத்தைப் பார்த்துவிட்டு ‘கொஞ்சம் எண்ணெயும் இருக்கட்டுமே’ என்று சொன்னால், முதல் கேள்வியிலிருந்து மறுபடி ஆரம்பிக்க வேண்டியதுதான்.